முயன்று தோற்ற பிறகு, பார்த்துப் போடும் சிறுநீர்க் குழாய்: ஈப்போ மருத்துவமனை ஒன்றின் சேவை

சிறுநீர் கட்டிக்கொண்டு தவிக்கும் ஒருவருக்கு, அதை வடிக்கும் சிறுநீர்க் குழாய் (கத்தீட்டர்) வழக்கமான முறையில் உள்ளே போகாவிட்டால், ஊடுகதிர் (எக்ஸ்ரே) திரையில் வழியைப் பார்த்து, முதலில் மெல்லிய கம்பி ஒன்றைச் செலுத்தி, அந்தக் கம்பியின்மேல் குழாயை ஏற்றி வைக்கும் சிகிச்சை ஒன்று உண்டு. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டிலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இருக்கும் நம்மவர்களில் பெரும்பாலோர் இதைக் கேள்விப்பட்டதில்லை. என் அண்ணனுக்கு ஈப்போவிலுள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் அண்மையில் இது செய்யப்பட்டது. தோட்ட மருத்துவமனையில் டிரெசராக, அதாவது மருத்துவ உதவியாளராக, பல காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். குழாய் போடுவது என் கைக்குப் பழகிய வேலை. ஆகவே நோயாளியின் தம்பியாக மட்டுமன்றித் தொழில் தெரிந்தவனாகவும் கவனித்ததையே இங்கு எழுதுகிறேன். குறைகளும் சொல்லப்போவதால் எந்த இடத்தின் பெயரையும் குறிப்பிடவில்லை. பெயரைவிட, அங்கே போய் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதுதான் நமக்குப் பயன்படும்.

அண்ணனுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. பால்மரம் வெட்டியவர், பிறகு செம்பனைக் குலை அறுத்தவர். இரவில் நான்கைந்து தடவை எழுந்து போவதும், போய் நின்றால் சொட்டுச் சொட்டாக வருவதும் அவருக்கு வெகு நாளாக இருந்த தொல்லை. வயதானால் அப்படித்தான் என்று அவரும் இருந்துவிட்டார், அண்ணியும் விட்டுவிட்டார். இந்நிலையில் சளிக்காகக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கியிருக்கிறார். மூக்கடைப்பை நீக்கும் சூடோஎஃபெட்ரினும், தும்மலை அடக்கும் பழைய வகை ஒவ்வாமை மருந்தும் சேர்ந்த மாத்திரை அது. முதலாவது சிறுநீர்ப்பையின் வாயை இறுக்குகிறது; இரண்டாவது பையின் தசையைச் சோர்வடையச் செய்கிறது. சிறுநீர்ப்பையின் வாயைச் சுற்றியிருக்கும் புரோஸ்டேட் சுரப்பி ஏற்கெனவே வீங்கியிருக்கும் முதியவருக்கு இந்த இரண்டும் சேர்ந்தால் போதும், அன்றிரவே நீர் முற்றாக நின்றுவிடக்கூடும். அண்ணனுக்கு அப்படித்தான் நின்றது. விடியும்போது அடிவயிறு தொப்புள் வரை கல்லாகிப் போயிருந்தது.

பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்கிற்கு அழைத்துச் சென்றார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் அங்கே இரண்டு மூன்று முறை முயன்று முடித்திருந்தார்கள். குப்பைத் தட்டில் ஆரஞ்சு வளையம் போட்ட குழாயும் வெள்ளை வளையம் போட்ட குழாயும் கிடந்தன. ஆரஞ்சு என்றால் 16, வெள்ளை என்றால் 12 என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லாருக்கும் தெரியும். அந்த எண்ணை மூன்றால் வகுத்தால் குழாயின் வெளி விட்டம் மில்லிமீட்டரில் வந்துவிடும். ஆக, ஐந்து மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான குழாய் போகவில்லை என்றதும் நான்கு மில்லிமீட்டர் குழாயை எடுத்திருக்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் படும். ஆனால் அடைப்பது வீங்கிய புரோஸ்டேட் என்றால், மெல்லிய குழாய் வளைந்து மடங்குமே தவிர முன்னேறாது. அங்கே வேண்டியது சற்றுத் தடித்த, நுனி மேல்நோக்கி வளைந்த குழாய். வழியில் தழும்பு விழுந்து சுருங்கியிருந்தால்தான் மெல்லியது உதவும். மரத்துப்போகச் செய்யும் ஜெல்லைச் செலுத்திவிட்டு மூன்று முதல் ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும் என்பதையும் அங்கே பொருட்படுத்தவில்லை என்று அண்ணி சொன்னதிலிருந்து தெரிந்தது. அண்ணனின் கைலியில் இரத்தம் திட்டாகப் படிந்திருந்தது. இன்னும் ஒரு தடவை பார்க்கலாம் என்றார் அங்கிருந்தவர். வேண்டாம் என்று சொல்லி, பரிந்துரைக் கடிதம் ஒன்றை எழுதி வாங்கிக்கொண்டு கிளம்பினோம்.

ஏன் வேண்டாம் என்றேன் என்பதை விளக்கியாக வேண்டும், ஏனெனில் இந்தச் சேவையின் மதிப்பே அதில்தான் அடங்கியிருக்கிறது. ஆண்களின் சிறுநீர்க் குழல், அதாவது பையிலிருந்து நீர் வெளியேறும் உடலின் வழி, சுமார் 20 சென்டிமீட்டர் நீளமுடையது; நேராகச் செல்லாமல், விரைப்பைக்குப் பின்னால் மேல்நோக்கி வளைந்து, புரோஸ்டேட்டை ஊடுருவிப் பையை அடைகிறது. வளைவில் குழாய் முட்டும்போது அழுத்தித் தள்ளினால், அதன் நுனி மெல்லிய சுவரைக் கிழித்துக்கொண்டு பக்கவாட்டில் ஒரு பொய்வழியை உண்டாக்கிவிடும். ஒரு முறை பொய்வழி விழுந்துவிட்டால், அதன்பின் எவ்வளவு கைத்தேர்ச்சி உள்ளவர் போட்டாலும் குழாய் அந்தப் பள்ளத்தையே தேடிப் போகும். ஒவ்வொரு முயற்சியும் அதை இன்னும் ஆழமாக்கும். இதைவிட ஆபத்தானது, குழாய் கழன்றுவிடாமல் பைக்குள் பிடித்து நிறுத்தும் பலூனை, நீர் வருவதைப் பார்க்காமலேயே ஊதிவிடுவது. பலூன் பையில் இல்லாமல் குழலுக்குள்ளேயே விரிந்தால் சுவர் கிழிந்து, பின்னாளில் தழும்பேறி, ஆயுள் முழுவதும் தொல்லை கொடுக்கும். இவை எல்லாம் நிகழ்வதற்குக் காரணம் ஒன்றுதான்: போடுபவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. கையில் படும் தடையை வைத்து ஊகிக்கிறார். பெரும்பாலும் அந்த ஊகம் சரியாக இருக்கும். இரத்தம் வந்த பிறகு ஊகத்தை நம்பக் கூடாது.

ஈப்போ மருத்துவமனையின் அவசரப் பிரிவில் எங்களை நடத்திய விதத்தில் குறை சொல்ல ஏதுமில்லை. மூன்று முறை போட்டுப் பார்த்தார்கள், இரத்தம் வந்தது என்று சொன்னவுடனே, பணியிலிருந்த மருத்துவர் நான்காவது குழாயை எடுக்கவில்லை. அடிவயிற்றின்மேல் ஸ்கேன் கருவியை வைத்துப் பையில் எவ்வளவு நீர் இருக்கிறது என்று அளந்தார். ஏறத்தாழ ஒரு லிட்டர். வலிக்கு ஊசி போட்டுவிட்டுச் சிறுநீரக அறுவை நிபுணரை அழைத்தார். வந்தவர் எங்களிடம் மூன்று வழிகளைச் சொன்னார். ஒன்று, வளையும் தன்மையுள்ள சிறு கேமராவை உள்ளே விட்டு, கண்ணால் பார்த்துக் கம்பியைச் செலுத்துவது. இரண்டு, அதே வேலையை ஊடுகதிர்த் திரையின் துணையோடு செய்வது. மூன்று, குழலையே விட்டுவிட்டு, ஒலி அலை ஸ்கேனில் பார்த்தபடி அடிவயிற்றின் கீழே நடுவில் தட்டுப்படும் பூப்பெலும்புக்குச் சுமார் இரண்டு விரற்கடை மேலே வயிற்றில் துளையிட்டுப் பைக்குள் நேராகக் குழாய் வைப்பது.

மூன்றாவது வழியைப் பற்றி நம்மிடையே ஏராளமான பயம் இருக்கிறது. நிரம்பிய பை குடலை மேலே தள்ளிவிடும் என்பதாலும், இடையில் குடல் கிடக்கிறதா என்பதை ஸ்கேன் காட்டிக்கொடுக்கும் என்பதாலும், முறையாகச் செய்தால் அது பயந்து ஓட வேண்டிய சிகிச்சையன்று. குழல் முழுவதுமாகப் பழுதாகிவிட்டால் அதுதான் சரியான வழியும்கூட. ஆனால் முன்பு வயிற்றில் அறுவை நடந்திருந்தால் குடல் ஒட்டிக்கொண்டு கீழேயே தங்கியிருக்கலாம். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவருக்குத் துளையிட்ட இடத்தில் கசிவு நிற்காமல் போகலாம். அண்ணனுக்கு இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள், இரத்தம் உறையாமலிருக்கக் குளோபிடோக்ரெல் என்னும் மாத்திரை சாப்பிட்டு வருகிறார். மாத்திரைப் பட்டியலை அண்ணி பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையோடு கொண்டுவந்திருந்ததால் அது உடனே தெரியவந்தது. துளையிடுவதைக் கடைசி வழியாக வைத்துக்கொண்டு, முதலில் திரை பார்த்துப் போட முயலலாம் என்று நிபுணர் முடிவு செய்தார். கேமராவை ஏன் விட்டார் என்று கேட்டேன். இரத்தமும் உறைகட்டியும் இருக்கும்போது கேமராவின் கண் மறைந்துபோகும், ஊடுகதிருக்கு அந்தச் சிக்கல் இல்லை என்றார். கேட்ட கேள்விக்கு நின்று பதில் சொன்னதற்காகவே அவரைப் பாராட்ட வேண்டும்.

பிறகு காத்திருப்பு. வழக்கமான வேலை நேரமாக இல்லாததால் ஊடுகதிர் அறையின் தொழில்நுட்பரை வீட்டிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது. நீர் கட்டிக்கொண்டிருப்பவருக்கு ஒவ்வொரு நிமிடமும் எப்படிக் கழியும் என்பது பட்டவர்களுக்குத் தெரியும். இருபத்து நான்கு மணி நேரச் சேவை என்று முகப்பில் பலகை வைத்திருக்கும் மருத்துவமனை, அந்த அறை மட்டும் அப்படி இல்லை என்பதைத் தொலைபேசியில் விசாரித்தபோதே சொல்லியிருக்கலாம்.

அறைக்குள் ஈயக் கவசம் அணிந்து நிற்க எனக்கு அனுமதி கிடைத்தது. முன்னாள் டிரெசர் என்பதால் இரங்கினார்களோ, அண்ணனின் பதற்றத்தைப் பார்த்து இரங்கினார்களோ தெரியவில்லை. குழல் முழு நீளத்துக்கும் தெரியும்படி அண்ணனை ஒரு பக்கமாகச் சற்றுச் சாய்த்துப் படுக்க வைத்தார்கள். சுத்தம் செய்து, ஜெல் செலுத்தி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருந்தார்கள். அந்த ஐந்து நிமிடம் யாரும் அவசரப்படவில்லை. "தாஹான் சிகிட் யா, அங்கிள்," (கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்) என்று அருகில் நின்ற மிஸ்ஸி, அதாவது தாதி, அண்ணனின் தோளில் கையை வைத்துக்கொண்டார். குழலின் முகப்பில் ஒரு சிறு குழாயின் நுனியை மட்டும் வைத்து, திரையில் கருமையாகத் தெரியும் அயோடின் கலந்த மருந்தை மெல்லச் செலுத்தினார் நிபுணர். அயோடின் ஒவ்வாமை உண்டா என்று அதற்கு முன்பே கேட்டுக்கொண்டார்கள். கோடு நேராகச் சென்று, வளைவில் திரும்பி, அவ்விடத்தில் பின்பக்கமாக விரல் நுனியளவு ஒரு கறை பிரிந்து தேங்கியது. அதுதான் பொய்வழி. அதற்கு மேலே, கிட்டத்தட்ட நூலிழை அளவில், உண்மையான வழி புரோஸ்டேட்டுக்குள் ஏறிச் சென்றது. நான் தொழிலில் இருந்த காலமெல்லாம் விரல் நுனியில் மட்டும் அறிந்திருந்த வளைவை அன்றைக்குத்தான் கண்ணால் கண்டேன்.

அதன்பின் கம்பி. உப்பு நீரில் நனைத்தெடுத்தால் வழுவழுப்பாகிவிடும் பூச்சு கொண்ட, நுனி சற்று வளைந்த கம்பி அது. ஒரு மில்லிமீட்டர் பருமன்கூட இல்லை. நுனி முதலில் கறையை நோக்கியே சென்றது. நிபுணர் தள்ளவில்லை. பின்னுக்கு இழுத்து, வளைந்த நுனியுடைய ஒரு மெல்லிய குழாயால் திசையை மேல்நோக்கித் திருப்பி, கம்பியை இரு விரல்களுக்கிடையே உருட்டி மறுபடியும் விட்டார். இம்முறை அது வழுக்கிக்கொண்டு மேலேறி, பைக்குள் போய் வட்டமாகச் சுருண்டது. சுருண்டதைத் திரையில் பார்த்த பிறகுதான் அடுத்த வேலையைத் தொடங்கினார்கள். நுனியில் துளையுள்ள 16ஆம் எண் சிலிக்கோன் குழாயைக் கம்பியின்மேல் கோத்து ஏற்றினார்கள், நீர் வந்தது, திரையில் இன்னொரு முறை உறுதி செய்துகொண்டு, பலூனில் 10 மில்லிலிட்டர் தூய நீர் ஏற்றினார்கள். உப்பு நீர் ஏற்றினால் நாளடைவில் உப்புப் படிந்து பலூன் சுருங்க மறுக்கும், ஆகவே தூய நீர்தான் முறை. என் மனத்தின் ஒரு மூலையில் கிடந்த பழைய பாடம் அது, அவர்கள் புட்டியை எடுத்துப் பெயரைப் படித்துக் காட்டியதும் எனக்கு நிறைவாக இருந்தது.

முதலில் கம்பி, பிறகு அதன்மேல் குழாய் என்னும் இந்த உத்தி இரத்த நாளங்களுக்காகத் தோன்றியது. சுவீடன் நாட்டு ஊடுகதிர் மருத்துவர் ஸ்வென் இவார் செல்டிங்கர் 1953இல் அதை வெளியிட்டார். பலூன் வைத்த குழாயோ அதற்கும் முந்தியது, 1930களில் அமெரிக்கரான ஃபிரெடரிக் ஃபோலி வடிவமைத்தது. இரண்டுமே பழைய சரக்கு. புதிய கருவி வேண்டும் என்பதில்லை, ஒரு திரையும் பொறுமையுள்ள கையும் போதும் என்னும்போது, இது ஏன் மாவட்ட அளவில்கூட எளிதாகக் கிடைப்பதில்லை என்ற கேள்வி எனக்குள் எழாமல் இல்லை.

குழாய் போட்ட பிறகு நடந்த கவனிப்பில்தான் ஒரு நல்ல மருத்துவமனையை அடையாளம் காண முடியும். நெடுநேரம் கட்டிக்கிடந்த நீர் வடிந்தபின், சிலருக்குச் சிறுநீரகம் அளவுக்கு மீறி நீரைக் கொட்டத் தொடங்கும். உடலில் நீரும் உப்பும் வற்றி மயக்கம் வரலாம். மணிக்கு 200 மில்லிலிட்டருக்கு மேல் தொடர்ந்து போனால் எச்சரிக்கை அவசியம். வார்டில் மணிக்கு மணி, குழாயோடு மாட்டிய பையில் சேர்ந்த நீரை அளந்து எழுதினார்கள், சிறுநீரகம் வேலை செய்வதைக் காட்டும் கிரியேட்டினின் அளவை இரத்தத்தில் பார்த்தார்கள், நிமிர்ந்து உட்காரவைத்து இரத்த அழுத்தம் எடுத்தார்கள். முதல் நாள் நீர் இளஞ்சிவப்பாகவே வந்தது, அண்ணி பயந்துவிட்டார். அடுத்த நாள் வெளுத்தது. சிறுநீர்ப்பையின் வாயைத் தளர்த்தும் டாம்சுலோசின் மருந்தை 0.4 மில்லிகிராம் அளவில் தொடங்கி, எழும்போது தலை சுற்றலாம், மெதுவாக எழுந்திருங்கள் என்று சொன்னார்கள்.

இனிக் குறைகள். முதலாவதுதான் பெரிது. பொய்வழி இருப்பதால் இந்தக் குழாய் சுமார் இரண்டு வாரம் உள்ளேயே இருக்க வேண்டும், இடையில் அடைத்துக்கொண்டாலோ கழன்றுவிட்டாலோ கிளினிக்கில் சாதாரணமாக மாற்றக் கூடாது, கம்பியின் துணையோடுதான் மாற்ற வேண்டும் என்று நிபுணர் வாயால் தெளிவாகச் சொன்னார். வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய கடிதத்திலோ 'சிறுநீர்க் குழாய் போடப்பட்டது' என்னும் ஒற்றை வரிதான் இருந்தது. நடு இரவில் குழாய் அடைத்து, சுங்கை சிப்புட்டில் ஏதோ ஓர் அறையில் அந்தக் கடிதத்தை நீட்டினால், பார்ப்பவர் என்ன செய்வார்? பழையதை உருவிவிட்டுப் புதியதைத் தள்ளுவார். செய்த அத்தனை வேலையும் வீணாகிவிடும். நான் முகப்புக்குத் திரும்பிப் போய், பொய்வழி இருக்குமிடம், குழாயின் வகை, எண், பலூன் அளவு, போட்ட முறை, போட்ட தேதி ஆகியவற்றை எழுதித் தரும்படி கேட்டேன். முணுமுணுப்பில்லாமல் எழுதிக் கொடுத்தார்கள் என்பது உண்மை. கேட்டால்தான் கிடைத்தது என்பதும் உண்மை. இந்தச் சிகிச்சைக்குப் போகும் யாரும் அந்தத் தாள் இல்லாமல் மருத்துவமனையை விட்டு வெளியே வரவேண்டாம்.

இரண்டாவது, வீட்டில் குழாயைப் பராமரிக்கும் கையேடு மலாயிலும் ஆங்கிலத்திலும் சீனத்திலும் இருந்தது, தமிழில் இல்லை. பேராக்கில் எத்தனை தமிழ் முதியவர்கள் அந்த வார்டில் படுத்து எழுந்து போகிறார்கள் என்று பார்ப்பவர்களுக்கு இது உறுத்தத்தான் செய்யும். நீர் சேரும் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், ஆனால் தரையில் படக் கூடாது. குழாய் இழுபடாமல் தொடையில் ஒட்டி வைக்க வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு நிரம்புமுன் காலி செய்ய வேண்டும். இதை நானே ஒரு தாளில் தமிழில் எழுதி அண்ணன் வீட்டுக் குளிர்பெட்டியில் ஒட்டினேன்.

மூன்றாவது குறை என்று சொல்வதா, வழக்கம் என்று சொல்வதா என்று தெரியவில்லை. நம் பெரியவர்கள் பெண் பணியாளர் முன்னிலையில் வேட்டியைத் தளர்த்தக் கூச்சப்படுவார்கள், அதனாலேயே வலியைச் சொல்லாமல் அடக்கிக்கொள்வார்கள். ஆண் பணியாளர் வேண்டும் என்று கேட்டபோது ஒருவரை அனுப்பினார்கள். வண்டி நிறுத்துமிடமும் சிற்றுண்டிக் கடையும் மற்ற இடங்களைப் போலத்தான்.

செலவு விஷயத்துக்கு வருவோம். நிபுணர் கட்டணம், ஊடுகதிர் அறைக் கட்டணம், பொருட்கள், வார்டு என்று தனித்தனியாகப் போட்டுக் கடைசியில் நாலாயிரம் வெள்ளியை (ரிங்கிட்) நெருங்கியது. உள்ளே சேர்க்கும்போதே முன்பணம் கேட்டார்கள். காப்புறுதி இல்லாத தோட்டக் குடும்பத்துக்கு இது விளையாட்டுப் பணம் அன்று. அண்ணன் மக்கள் மூவரும் பகிர்ந்துகொண்டார்கள். அரசு மருத்துவமனையில் குடிமக்களுக்குச் சாதாரண வெளிநோயாளர் கட்டணம் 1 வெள்ளி, நிபுணர் கிளினிக்குக்கு 5 வெள்ளி என்பதை நினைத்தால் இந்தத் தொகை மலைப்பாகவே இருக்கும். அரசின் பெரிய மருத்துவமனைகளிலும் சிறுநீரக அறுவைப் பிரிவு இருக்கும் இடத்தில் கம்பி, கேமரா, வயிற்றில் துளை ஆகிய வழிகளைக் கையாள்கிறார்கள். எனவே உயிர் போகும் வலி என்றாலும், பணம் இல்லை என்றால் தனியாரைத் தேடி அலைய வேண்டியதில்லை. நேராக அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய், எத்தனை முறை போட்டார்கள், இரத்தம் வந்ததா, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா என்ற மூன்றையும் முதலில் சொல்லுங்கள். நாங்கள் தனியாரிடம் சென்றது அண்ணனின் இதய மருத்துவர் அதே கட்டடத்தில் இருப்பதால்.

கொடுத்த பணத்துக்குத் தகுந்த வேலையா என்று கேட்டால், அறைக்குள் நடந்த வேலைக்குத் தகும் என்பேன். அந்த நிபுணரின் கையையும், தள்ளாமல் நின்ற பொறுமையையும் நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். அறைக்கு வெளியே, அதாவது தொலைபேசியிலும் கடிதத்திலும் கையேட்டிலும், அவர்கள் இன்னும் வெகுதூரம் வரவேண்டியிருக்கிறது.

குறித்த நாளில் காலையிலேயே வரச் சொல்லிக் குழாயை எடுத்தார்கள். மறுபடியும் நின்றுவிட்டால் பகல் வெளிச்சத்தில், ஆட்கள் இருக்கும்போதே தெரிய வேண்டும் என்பதற்காகக் காலை நேரம். அண்ணன் தண்ணீர் குடித்துவிட்டு நடையாய் நடந்தார். மதியத்துக்குள் தானாகவே போனது. போன பிறகு ஸ்கேனில் பார்த்தபோது பையில் தங்கியிருந்தது 100 மில்லிலிட்டருக்கும் குறைவு. புரோஸ்டேட்டைச் சீவி எடுக்கும் அறுவைக்கு இப்போது அரசு மருத்துவமனையில் பெயர் கொடுத்திருக்கிறோம். நான் கேட்டு வாங்கிய அந்தக் கடிதத்தைத்தான் அங்கே பதிவின்போது முதலில் எடுத்துப் படித்தார்கள்.